கேட்டுச்சு, கவனிச்சேன், விட்டுட்டேன்

"கேட்டுச்சு. கவனிச்சேன். விட்டுட்டேன்."

என் அக்காவுக்கு மூச்சு அடைத்துக்கொண்டபோது, அதே ஜமக்காளத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன், அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்ன பதில் இது. அவள் இழுத்த இழுப்பு உங்களுக்குக் கேட்கவே இல்லையா மாமா என்று கேட்டேன். கேட்டதாம். கவனித்தாராம். விட்டுவிட்டாராம். தெருவில் பழைய பேப்பர்காரன் போனதைச் சொல்கிற மாதிரி சொன்னார். இப்போது இதை எழுதும்போதும் பல்லை நறநறவென்று கடிக்கிறேன். கோபம் ஆறிய பிறகு எழுது என்றார்கள் வீட்டில். ஆறினால் நான் எழுதவே மாட்டேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊரே சொல்லும், நானும் ஒத்துக்கொள்கிறேன். விழுப்புரம் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. அண்ணன் தம்பி வரப்புச் சண்டை, மாமியார் மருமகள் சண்டை என்று நாள் முழுக்க அடுத்தவர் சண்டையை அடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவளிடம் சாந்தத்தை எதிர்பார்த்தால் எப்படி? ஆனால் இந்தக் கதை என் கோபத்தைப் பற்றியது இல்லை. அக்காவின் மூச்சைப் பற்றியது.

அக்காவைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தோம். மாமாவுக்கு மாவு மில். முன்னால் மில், பின்னால் வீடு. காலையில் அரிசி, அதற்குப் பிறகு கேப்பை, கோதுமை, கடைசியாகத்தான் மிளகாய் என்று அரைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. மாசி பங்குனியில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் வருஷத்துக்கான குழம்புத்தூளுக்கு மிளகாய், தனியாவைக் காயவைத்து எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். மிளகாய் அரைத்த மெஷினில் மறுநாள் அப்படியே அரிசியைப் போட்டால் யார் வீட்டிலோ புட்டு காரமடிக்கும், மில்லுக்குக் கெட்ட பெயர். அதனால் சாயந்திரம் மிளகாய் முடிந்ததும் தவிட்டைப் போட்டு ஓட்டவேண்டும். மாவு விழுகிற வாயில் கட்டியிருக்கும் நீளத் துணிப் பையைக் கழற்றித் தட்டவேண்டும். அந்தப் பையைத் தட்டினால் கிளம்புகிற சிவப்புத் தூசி இருக்கிறதே, அது தெருமுனையில் நிற்கிறவனையும் தும்ம வைக்கும். கூலிக்காரன் தட்டினால் தையல் ஓரத்தில் காரம் தங்கிவிடும் என்பது மாமாவின் கட்சி. ஆகவே கல்யாணமானதிலிருந்து அந்தப் பையைத் தட்டுவது என் அக்கா. முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு தட்டுவாள்.

அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. திருவாமாத்தூர் பக்கம் எங்கள் வீட்டில் மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, உரிக்கிற காலம் வந்தாலே அவள் நெஞ்சில் விசில் கிளம்பிவிடும், மூடி சரியாக உட்காராத குக்கர் மாதிரி. ஒரே பாயில் படுத்து அந்த விசிலைக் கேட்டுக்கொண்டே தூங்கி வளர்ந்தவள் நான். எந்தச் சத்தம் சும்மா சளி, எந்தச் சத்தம் அம்மாவை எழுப்பவேண்டிய சத்தம் என்று எனக்குத் தெரியும். இது தெரிந்தே அவளை மாவு மில்லில் கொடுத்தார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். சொந்த மில், நல்ல சம்பந்தமாம். நல்லா இருந்தது போங்கள்.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். தூசிப் பக்கமே போகக்கூடாது. வாயில் வைத்து அழுத்துகிற இன்ஹேலர் ஒன்று கொடுத்து, எங்கே போனாலும் கையிலேயே இருக்கவேண்டும் என்றார். அக்கா அதைப் பம்பு என்பாள். டாக்டர் முன்னால் மாமா பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். வீட்டுக்கு வந்து பையைத் தட்ட ஆள் வைத்தாரா? அதுதான் இல்லை. அவளைத் தியான வகுப்பில் சேர்த்தார்.

அவர் தன் பிரஷருக்காக அதற்கு முன்பே அங்கே போய்க்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பாத்திரக்கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்கும் போன் வந்தது.

"மூச்ச கவனிச்சா போதும்மா, எல்லாம் தானா சரியாயிடும். உங்க அக்காவுக்கு வீசிங் கொறையும், உனக்குக் கோவம் கொறையும். வந்து பாரேன்."

"மாமா, டாக்டர் தூசி ஆவாதுன்னு சொன்னாரே, அது இன்னா ஆச்சு?"

"அது ஒரு பக்கம் இருக்கட்டும். நீ வாம்மா."

அது அந்தப் பக்கமே இருந்தது. அக்கா போனை வாங்கி, "பொம்பளைங்க பக்கம் தனியா ஒக்கார ஒரு மாதிரி இருக்குதுடி, நீயும் வாயேன்" என்றாள். அவள் கூப்பிட்டு நான் போகாமல் இருந்ததில்லை. பஸ் ஏறினேன்.

பொய் சொல்ல மாட்டேன், முதல் வகுப்பு எனக்குப் பிடித்திருந்தது. நடத்துகிறவர் ரிட்டயர் ஆன அதிகாரி, மெதுவான குரல். எல்லாரும் ஐயா என்பார்கள். மருந்தை நிறுத்தாதீர்கள் என்று அவரே சொன்னார், அதையும் எழுதிவிடுகிறேன். மூக்கு நுனியில் மூச்சு வருவதைப் பாருங்கள், போவதைப் பாருங்கள், இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம் என்றார். கீழே சென்னை பஸ்காரன் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு போனான். வெளிச் சத்தம் வந்தால் கவனித்து விட்டுவிடுங்கள் என்றார். நானும் பார்த்தேன். எனக்குக் கோபம் வருவதற்கு முன்னாலேயே என் மூச்சு மேல்நெஞ்சில் போய் நின்றுகொள்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மறுநாள் கோர்ட்டில் ஒரு குமாஸ்தா நான் அடித்த பக்கத்தை மூன்றாம் தடவை திருப்பிக் கொடுத்தபோது அந்த மூச்சு மேலே ஏறுவதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் திட்டினேன். ஆனாலும் பார்த்தேன்.

அதே வகுப்பில் அடுத்தது விசாரணை. கோர்ட் விசாரணை இல்லை, தன்னையே கேட்டுக்கொள்வது. ஒரு எண்ணம் வந்தால் இது யாருக்கு வந்தது என்று கேளுங்கள், எனக்கு என்று பதில் வரும், அப்படியானால் நான் யார் என்று கேளுங்கள் என்றார். சுற்றி வந்து என்னைப் பார்த்து, "நீங்க யாரும்மா?" என்றார்.

"கோர்ட்டு டைப்பிஸ்டுங்க."

நாலு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "அது நீங்க பாக்கற வேலை. அதுக்குப் பின்னாடி யாரு?"

பஸ்ஸிலும் எனக்கு அதே கேள்விதான். யோசித்துக்கொண்டே விழுப்புரம் வந்து சேர்ந்தேன். அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம், போக முடியவில்லை. அதற்கடுத்த ஞாயிறு நடந்ததுதான் இது.

முதல் நாள் சனிக்கிழமை. பங்குனி வெயில், மில்லில் மிளகாய் மூட்டைக்கு மேல் மூட்டை. சாயந்திரம் வழக்கம்போல் அக்கா பையைத் தட்டியிருக்கிறாள். காலையில் நான் போனபோது பாத்திரக்கடை மாடிப்படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாமா முன்னாலேயே மேலே போய்விட்டார்.

"பம்பு அடிச்சியா?"

"மேல போயி அடிச்சிக்கறேன்டி. மணி அடிச்சிட்டாங்கன்னா கதவ சாத்திடுவாங்க, ஜல்தி வா."

செருப்பு, பை, போன் எல்லாவற்றையும் வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும் என்பது அங்கே வழக்கம். நாங்கள் வாசலை மிதிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அக்கா பையைக் குவியலில் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். பெண்கள் வரிசையில் எனக்கு இடம் பின்னால் கிடைத்தது. அவள் முன்னால், ஆண்கள் வரிசையை ஒட்டிய ஓரத்தில், மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினோம்.

மூக்கு நுனி, மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. கொஞ்ச நேரத்தில் அந்த விசில் கேட்டது. முதலில் சன்னமாக, பிறகு சுவாசம் இரண்டாக உடைகிற மாதிரி. அம்மாவை எழுப்பவேண்டிய சத்தம்.

கண்ணைத் திறந்தேன். ஐயோ, நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! ஹால் நிறைய ஆட்கள், எல்லாரும் முதுகு நிமிர்த்தி, கண்ணை மூடி, முகத்தில் ஒரு மென்மையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் என் அக்கா இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தோள் மேலேறி மேலேறி இறங்க, மீன் மாதிரி வாயைத் திறந்து காற்றுக்கு அலைகிறாள். ஒருவர் அசையவில்லை. செவிடர்கள் இல்லை அவர்கள். எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. வெளிச் சத்தம் வந்தால் கவனித்து விட்டுவிடு என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள் இல்லையா? ஹாரன் சத்தத்தை விட்டார்கள், காக்கா சத்தத்தை விட்டார்கள், அதே மாதிரி என் அக்காவையும் விட்டுவிட்டார்கள். ஒழுங்கான மாணவர்கள்!

எழுந்து ஓடினேன். யாருடைய முழங்காலையோ மிதித்தேன். மிதித்ததற்கு வருத்தமில்லை. அவள் தோளைப் பிடித்தபோது அங்கே உதவிக்கு இருக்கிற ஒரு அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு காதில், "தொடாதீங்க, அவங்களுக்கு அனுபவம் வருது. உள்ள இருக்கற அழுத்தம் வெளிய போவுது" என்றாள்.

"அனுபவமா? மூச்சு போவுதுடி அவளுக்கு! வுடு கைய!"

அந்த ஹாலில் அதுவரை யாரும் அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்க மாட்டார்கள். "ஷ்ஷ்" என்றார் ஒருவர், கண்ணைத் திறக்காமலே. நான் கதவைத் திறந்துகொண்டு பையைத் தேடினேன். இதற்கென்றே வந்து சேர்ந்தது போல அங்கே கிடந்தது எல்லாம் ஒரே ஜவுளிக்கடைக் கட்டைப்பை. திண்டிவனத்தில் அத்தனை பேருமா அந்தக் கடையிலேயே துணி எடுத்துத் தொலைத்தார்கள்! ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் கொட்டினேன். தண்ணி பாட்டில், கண்ணாடிக் கூடு, எவளுடையதோ பூச்சரம். கடைசியில் பம்பு கிடைத்தது. உள்ளே ஓடி அவள் வாயில் வைத்து அழுத்தினேன், மறுபடி அழுத்தினேன். உள்ளே இழுக்கவே அவளிடம் மூச்சு இல்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மாமா கண்ணைத் திறந்தார். "இன்னா ஆச்சு?" என்றார்.

பாத்திரக்கடைப் பையன்களும் ஐயாவும் சேர்ந்து தூக்கித்தான் அவளைக் கீழே இறக்கினோம். ஆட்டோவில் திண்டிவனம் ஆஸ்பத்திரி, அங்கே மூக்கில் புகை மருந்து, அது போதாதென்று ஆக்சிஜனோடு ஆம்புலன்சில் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரி. வழியெல்லாம் அவள் என் விரலைப் பிடித்திருந்தாள். பிடி தளரும்போதெல்லாம், "யக்கா, இழு, வுடு, இழு, வுடு" என்று கத்திக்கொண்டே வந்தேன். இழுக்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம் என்று ஐயா சொன்னது அந்த நேரத்திலா ஞாபகம் வரவேண்டும்?

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்துவிட்டு முடிக்காமல் நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் வராந்தாவில் மாமாவைக் கேட்டேன். அந்த மூன்று வார்த்தைப் பதில் வந்தது. அடிக்கக் கை எழுந்தது. அக்கா தாலியை நினைத்து அடக்கினேன் என்று சொன்னால் பொய். நர்ஸ் கூப்பிட்டாள், போய்விட்டேன்.

மறுநாள் ஐயா ஆப்பிளோடு வந்தார். அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூச்சு முடிந்து அடுத்தது வருகிற வரைக்கும் என் மூச்சும் நின்றிருந்தது. ஐயா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு நெகிழ்ந்த குரலில் சொன்னார்: "இப்ப அவங்க மூச்சைத் தவிர வேற எதுவுமே உங்க மனசுல இல்லையே, கவனிச்சீங்களா? இதாம்மா தியானம்."

"இல்லைங்க. இதுக்குப் பேரு பயம்."

இருக்கிற எல்லாவற்றுக்கும் தன் கடைச் சீட்டை ஒட்டுகிற வியாபாரி மாதிரி, என் பயத்தையும் எடுத்து அவர் கணக்கில் வைக்கப் பார்த்தால் நான் விடுவேனா? ஆப்பிளை வாங்கி வைத்தேன். அவர் போகும்போது எழுந்து நிற்கவில்லை.

அக்கா பேசத் தொடங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஏன்டி எழுந்து வரல? பம்பு வெளியதான இருந்துது?" என்பதுதான்.

"போன வாரம் நீ வரல இல்ல, அன்னிக்கு இடுப்புல சொருவிக்கினு போனேன்டி. நடுவுல புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சேனா, எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. உங்க மாமா மூஞ்சி சுருங்கிப் போச்சு. அப்புறமா அந்த அம்மா வந்து, இதையும் பையோட வெளிய வச்சிடுங்கன்னு நல்ல மாதிரியாத்தான் சொன்னாங்க."

"அதுக்கு செத்துப் போவியா? அடுத்தவன் தியானம் கலையக்கூடாதுன்னு?"

அவள் சிரித்தாள். சிரித்தால் இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டுச் சொன்னாளே ஒன்று: "டாக்டரு ஒத்துக்கிட்டா மறுபடி அங்க போவணும்டி."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. உனக்குப் புத்தி கித்தி இருக்கா, பட்டும் திருந்தலையா என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவள் நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தாள். எங்கள் வீட்டில் என் கோபம் முடியும்வரை காத்திருக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"மெசின் சத்தத்துலயே இருக்கறேன்டி. அது நின்னா அவரு கூப்பிடுவாரு, மூட்டைக்காரன் கூப்பிடுவான், பசங்க கூப்பிடுவாங்க. அங்க ஒக்காந்தா அந்த ஒரு மணி நேரம் என்ன யாரும் கூப்பிடறதில்ல. கண்ண மூடிக்கினு ஒண்ணும் செய்யாம இருக்கலாம். எனக்கு வேற எங்கடி அப்படி ஒரு எடம் இருக்குது?"

கட்டிக்கொடுத்ததிலிருந்து அவள் தனக்காக இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். அதைக் கேட்கும்போதும் மூச்சு வாங்கியது. என் கோபம் ஆறவில்லை, திசைதான் மாறியது. பாத்திரக்கடை மாடியை விட்டுவிட்டு நேராக மில்லுக்குப் போனது.

அடுத்த சனிக்கிழமை சாயந்திரம் திண்டிவனத்தில் போய் இறங்கினேன். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்திருந்த அக்காவை விழுப்புரத்தில் என் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். மிளகாய் அரைத்து முடிந்திருந்தது. மாமா துணிப் பையைக் கழற்றி வைத்துவிட்டு, யாரைத் தட்டச் சொல்வது என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க தட்டுங்க மாமா."

"எனக்கு அது பழக்கமில்லம்மா."

"அவளுக்கும் பொறந்ததுலருந்தா பழக்கம்? தட்டுங்க. நீங்க தட்டனாதான் அவ இந்த வாசப்படிய மிதிப்பா. இல்லாட்டி விழுப்புரத்துலயே இருக்கட்டும், நான் சோறு போடறேன்."

"பேஜாரு பண்ணாதம்மா, மூட்டைக்காரங்க எல்லாம் பாக்கறாங்க."

"பாக்கட்டும். கவனிச்சிட்டு வுட்டுடுவாங்க."

மூட்டைக்காரர்கள் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பையை எடுத்து ஒரு தட்டுத் தட்டினார். இன்னொரு தட்டு. மூன்றாவதற்குப் பையைப் போட்டுவிட்டுத் தெருக்குழாய்க்கு ஓடினார். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்ற, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். நான் பக்கத்தில் போய் நின்றேன். குழாயை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் ஏதோ சொல்ல வந்தார், இருமல் விடவில்லை. நானும் கேட்கக் காத்திருக்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்றிலிருந்து பையைத் தட்டுவது அவர்தான். ஈரத்துண்டு கட்டிக்கொண்டு தட்டுகிறார். இப்போது தன் மூச்சை அவர் நன்றாகவே கவனிக்கிறார்.

டாக்டர் ஒத்துக்கொண்ட பிறகு, ஒரு ஞாயிறு அக்காவும் நானும் மறுபடி அந்த மாடிப்படி ஏறினோம். பையை வெளியே வைத்தோம். பம்பை நான் கையில் வைத்துக்கொண்டேன். உதவிக்கு இருக்கிற அந்த அம்மாள் என் கையைப் பார்த்தாள், என் மூஞ்சியைப் பார்த்தாள், வழிவிட்டாள். அக்காவை ஒட்டி உட்கார்ந்தேன். மணி அடித்தது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை.

ஐயா சத்தமில்லாமல் நடந்து வந்து என் பக்கத்தில் குனிந்தார். "கண்ணை மூடிக்குங்கம்மா."

"மூட மாட்டேங்க."

"இன்னும் கோவம் போகலையா?" குரலில் குத்தல் இல்லை, நிஜமாகவே கேட்டார். "அந்தக் கோவம் யாருக்குன்னு கேட்டுப் பாருங்களேன். நீங்க யாரு?"

"இவ தங்கச்சி."

அதற்குப் பின்னால் யாரு என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நிமிர்ந்து தன் இடத்துக்குப் போனார்.

பாதி நேரம் போயிருக்கும். அக்கா கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினாள். பம்பைக் கொடுத்தேன். புஸ்ஸென்று ஒன்று அடித்தாள், நிதானமாக இன்னொன்று அடித்தாள். முன்வரிசையில் இரண்டு தலை திரும்பியது. நான் பார்த்த பார்வையில் திரும்பிய வேகத்திலேயே மறுபடி முன்பக்கம் பார்த்துக்கொண்டது. அக்கா பம்பை என் மடியில் வைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் நெஞ்சில் விசில் இல்லை. அந்த ஒரு மணி நேரமும் அவளை யாரும் கூப்பிடவில்லை.